10,000 ஒன் லைனர் கேள்விகள்: பொது அறிவுக்கு உதவுமா, நேரத்தைத் தின்னுமா?

தேரடி

டிஎன்பிஎஸ்சி நடத்தும் குரூப் 4 (தமிழக அரசுப் பணித் தேர்வு), ரயில்வே வேலைக்கான என்டிபிசி தேர்வு இரண்டுக்கும் சேர்த்துத் தயாராகிறவர் பொது அறிவை எங்கே தொடங்குவது? ஒன் லைனர் எனப்படும் ஒரு வரிக் கேள்வி-பதில் 10,000 உள்ள தொகுப்பை நாளுக்கு 200 வீதம் 50 நாளில் முடிப்பது ஒரு வழி. பள்ளிப் புத்தகங்களை முடித்துவிட்டுக் கேள்விக்கு வருவது இன்னொரு வழி. கையில் 4 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "ரெண்டையும் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போகாமல், எது முதலில், ஏன் என்று சொன்னால் நல்லது.

பாடநூல்பக்கம்

புத்தகம்தான் முதலில். ஒன் லைனரில் என்ன கிடைக்காது என்று ஒரே கேள்வியில் காட்டுகிறேன்.

தொகுப்பில் இப்படி இருக்கும்: "ஆட்கொணர் நீதிப்பேராணை: ஹேபியஸ் கார்பஸ்." "பேராணை வழங்கும் அதிகாரம்: உச்ச நீதிமன்றம் பிரிவு 32, உயர் நீதிமன்றம் பிரிவு 226." (பேராணை என்பது நீதிமன்றம் பிறப்பிக்கும் கட்டளை.) இரண்டும் சரி. தேர்வுத் தாளில் வருவதோ "தனிநபருக்கு எதிராகவும் பிறப்பிக்கக்கூடிய நீதிப்பேராணை எது?" அந்த இரண்டு வரியைத் தலைகீழாக ஒப்பித்தாலும் இதற்கு விடை வராது.

புத்தகத்தில் அந்தப் பகுதியை நிதானமாகப் படித்தவருக்கு வரும். ஒருவரைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்திருப்பது காவல்துறையாகவும் இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். அதனால் ஆட்கொணர் பேராணை இருவர் மீதும் பாயும். கட்டளைப் பேராணை பொதுக் கடமை உள்ளவருக்கு மட்டும். தடைப் பேராணை வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது கீழ் நீதிமன்றத்தை நிறுத்துவது. ஆவணக் கேட்பு, உத்தரவு வந்த பிறகு அதை ரத்து செய்வது. தகுதி வினவும் பேராணை, "எந்தத் தகுதியில் இந்தப் பொதுப் பதவியில் உட்கார்ந்திருக்கிறாய்?" என்று கேட்பது. யார் மீது, எப்போது என்ற இரண்டும் பிடிபட்டுவிட்டால், எந்தப் பக்கம் திருப்பிக் கேட்டாலும் அந்த மார்க் போகாது.

நூறுதாள்

சார், நல்ல உதாரணம்தான். ஆனா புத்தகம் படிக்கிற எல்லாருக்கும் "யார் மீது, எப்போது"ன்னு தோணுமா? அந்தக் கேள்வியைப் பழைய தாள்ல பார்த்தவனுக்குத்தான் அந்தப் பக்கத்தை அப்படிப் படிக்கணும்னே தெரியும். கேள்வியைப் பார்க்காம புத்தகம் எடுத்தா எல்லா வரிக்கும் அடிக்கோடு விழும். ஒரு மாசத்துல புத்தகமே மஞ்சளா இருக்கும், மண்டையில ஒண்ணும் இருக்காது. படிச்ச பக்கத்தைத் திரும்பப் பார்த்தா தெரிஞ்ச மாதிரியே இருக்கும். மூடி வச்சுட்டுக் கேட்டா வராது.

இன்னொன்னு, ரெண்டு தேர்வையும் ஒரே தராசுல வைக்காதீங்க. என்டிபிசி முதல் கட்டத்துல 100 கேள்வி, 90 நிமிஷம். அதுல பொது அறிவு 40, கணக்கு 30, ரீசனிங் 30. இரண்டாம் கட்டத்துல 120-க்கு 50 பொது அறிவு. விருது, விளையாட்டு, நினைவுச் சின்னம், ஐநா அமைப்பு, சுருக்கப் பெயரோட விரிவு, அறிவியல்னு பரந்து கிடக்கும். பெரும்பாலும் ஒரு வரிக் கேள்வி. அதுக்கு ஒன் லைனர் வேணாம்னா வேற எது?

நேரக் கணக்கும் பாருங்க. சராசரியா ஒரு கேள்விக்கு 54 செகண்ட். பொது அறிவு 40-ஐயும் கேள்விக்கு 15 செகண்ட்ல முடிச்சா 10 நிமிஷம். மீதி 80 நிமிஷம் 60 கேள்விக்கு, அதாவது கணக்குக்கும் ரீசனிங்குக்கும் தலைக்கு 80 செகண்ட் கிடைக்குது. அந்த வேகம் புத்தகத்தை மெதுவாப் புரட்டினா வராது.

பாடநூல்பக்கம்

நூறுதாள் எழுதியது: "அதுக்கு ஒன் லைனர் வேணாம்னா வேற எது?"

ரயில்வேக்கு அது ஓரளவு சரி. அங்கேயும் அறிவியல் பகுதி சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு வரை என்று அறிவிப்பிலேயே இருக்கிறது, அதைத் தொகுப்பில் படித்து முடிக்க முடியாது. குரூப் 4-ஐப் பார்ப்போம். 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 100 தமிழ். அதில் 40 விழுக்காடு, அதாவது 150-க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதி திருத்தப்படாது. மீதி 100-இல் திறனறிவு 25 போக, பொது அறிவு 75. புதிய பாடத்திட்டத்தில் அது ஆறு அலகாகப் பிரிந்திருக்கும் விதத்தைப் பாருங்கள்: அறிவியல் 5, புவியியல் 5, இந்திய வரலாறும் தேசிய இயக்கமும் 10, ஆட்சியியல் 15, பொருளாதாரமும் தமிழக வளர்ச்சி நிர்வாகமும் 20, தமிழ்நாட்டு வரலாறு-பண்பாடு-சமூக இயக்கங்கள் 20.

75-இல் 55 கடைசி மூன்று அலகில். பல தொகுப்புகள் இந்தப் பங்கீட்டைக் கண்டுகொள்வதே இல்லை. நதி, சிகரம், நாணயம், தலைநகரம் என்று பக்கம் பக்கமாக ஓடும். புவியியலுக்கு வருவது 5 கேள்வி!

அந்தக் கடைசி அலகில் காலவரிசைக் கேள்வி சர்வசாதாரணம். தென்னிந்திய நல உரிமைச் சங்கம் (பின்னர் நீதிக்கட்சி) 1916, நீதிக்கட்சி ஆட்சி 1920, சுயமரியாதை இயக்கம் 1925, மதுரை மீனாட்சியம்மன் கோவில் நுழைவு 1939, சேலத்தில் திராவிடர் கழகம் 1944, தமிழ்நாடு என்ற பெயர் 1969 ஜனவரி 14. ஆறு ஆண்டையும் தனித்தனிச் சீட்டாகப் படித்தவர் தேர்வறையில் இரண்டை மாற்றிப் போடுவார். 1919 சீர்திருத்தத்தால் இரட்டையாட்சி (மாகாணத் துறைகளில் ஒரு பகுதி இந்திய அமைச்சர்களிடம்) வந்தது, 1920 தேர்தலை ஒத்துழையாமை காரணமாகக் காங்கிரஸ் புறக்கணித்தது, அதனால் நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தது என்று கோர்வையாகப் படித்தவருக்கு ஆண்டு மறந்தாலும் வரிசை மறக்காது.

பெருக்கல்குறி

இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அரைகுறையாகத் தெரிந்தது எந்தத் தேர்வில் எவ்வளவு நஷ்டம் என்பது.

என்டிபிசியில் சரிக்கு 1, தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு. நான்கு விடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் சராசரி லாபம் பூஜ்யம். ஒரு விடையை நீக்க முடிந்தால் கேள்விக்கு 0.11, இரண்டை நீக்கினால் 0.33. மத்திய அரசுப் பணிக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வின் முதல் கட்டத்தில் சரிக்கு 2, தவறுக்கு 0.50. அங்கே ஒன்றுமே தெரியாமல் தொட்டாலும் சராசரி 0.125 கூடும், இரண்டை நீக்கினால் 0.75. குரூப் 4-இல் கழிவே இல்லை. ஒரு கேள்வி 1.5. தெரியாத 20 கேள்விக்கும் குத்துமதிப்பாகக் குறித்தால் சராசரியாக 5 சரி, 7.5 மதிப்பெண். "விடை தெரியவில்லை" என்ற ஐந்தாவது வட்டத்தை நிரப்பினால் அது பூஜ்யம்.

இந்தக் கணக்கெல்லாம் மனம் ஒருபக்கம் சாயாமல் தேர்ந்தெடுத்தால்தான் பொருந்தும். தவறான விடைகள் சும்மா போட்டவை அல்ல, அரை நினைவோடு வருகிறவரை இழுக்கவே வைத்தவை. ஒன் லைனரை வேகமாக ஓட்டியவர் "எங்கேயோ பார்த்த சொல்" என்று தொடுவதில் நான்கில் ஒன்றுகூடச் சரியாகாமல் போகலாம்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி. 50 கேள்வி மாதிரித் தேர்வில் ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ஒரு குறி இடுங்கள்: உறுதி, இரண்டில் ஒன்று, ஊகம். திருத்தும்போது மூன்றையும் தனித்தனியாக எண்ணுங்கள். "இரண்டில் ஒன்று" பாதிக்கு மேல் சரி என்றால் தைரியமாகக் குறிக்கலாம். "உறுதி"யில் பத்துக்கு இரண்டு தவறு என்றால், அதுதான் வைத்தியம் பார்க்க வேண்டிய இடம். தவறாகத் தெரிந்து வைத்திருப்பது, தெரியாமல் இருப்பதைவிட மோசம்.

பாடநூல்பக்கம்

அந்த "உறுதி, ஆனால் தவறு" எங்கிருந்து வருகிறது? பழைய தொகுப்பிலிருந்துதான். மக்களவையின் அதிகபட்ச உறுப்பினர் 552 என்று இன்னும் அச்சடிக்கிறார்கள். ஆங்கிலோ இந்தியர் இருவரின் நியமனம் 104ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் 2020 ஜனவரி 25-உடன் முடிந்தது, இப்போது 550. மாநிலம் 29, யூனியன் பிரதேசம் 7 என்று ஒரு பக்கத்திலும் 28, 8 என்று இன்னொரு பக்கத்திலும் ஒரே தொகுப்பில் வரும். செம்மொழி 6 என்று இருக்கும். 2024 அக்டோபரில் மராத்தி, பாலி, பிராகிருதம், அசாமியம், வங்காளம் சேர்ந்து 11 ஆகிவிட்டது.

நூறுதாள்

சார், அப்போ புத்தகம் மட்டும் புதுசா? இப்போ கையில இருக்கிற பாடத்திட்டப் புத்தகம் 2018, 2019-ல வந்தது. அதுல 11 செம்மொழி எப்படி இருக்கும்? பழசாப் போறது ரெண்டுக்கும் பொது. கேள்வித் தொகுப்புல ஒரு வரியை அடிச்சுட்டுப் பக்கத்துல தேதி போட்டுடலாம். புத்தகத்துல அது எந்த வகுப்பு, எந்தப் பாடம்னு தேடணும்.

தொகுப்பை எப்படி ஓட்டணும்னு சொல்றேன், அப்புறம் திட்டுங்க. நாளுக்கு 200 ஓட்டுறது வெட்டி வேலை, அதை ஒத்துக்கறேன். 40 போதும். ஆனா ஒவ்வொரு கேள்வியையும் பிரிச்சுப் போடணும். "வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18 ஆக்கிய திருத்தம் எது? 42, 44, 52, 61." விடை 61-ன்னு டிக் அடிச்சுட்டுப் போனா ஒரு வரிதான் கிடைச்சது. மிச்சம் மூணையும் எழுதுங்க. 42, 1976: முகப்புரையில சமதர்மம், சமயச்சார்பின்மை, ஒருமைப்பாடு. 44, 1978: சொத்துரிமை அடிப்படை உரிமையிலிருந்து போய் பிரிவு 300ஏ ஆனது. 52, 1985: கட்சித் தாவல் தடை, பத்தாவது அட்டவணை. 61-லயே ஒரு கண்ணி இருக்கு. சட்டம் 1988, நடைமுறைக்கு வந்தது 1989 மார்ச் 28. எந்த ஆண்டைக் கேக்கறான்னு கேள்வியோட வினைச்சொல்லைப் பார்க்கணும். பஞ்சாயத்து ராஜ் பத்தின 73-க்கும் இதே கதைதான்: சட்டம் 1992, நடைமுறை 1993 ஏப்ரல் 24.

இப்படி 40 கேள்வி பண்ணினா 160 வரி ஆகுது. நாலு விடையில எது உங்களுக்குப் புதுசோ, அதுக்கு மட்டும் புத்தகத்தைத் திறங்க. தப்பானதை மட்டும் ஒரு நோட்டுல எழுதி மறுநாள், மூணாம் நாள், ஏழாம் நாள், இருபத்தோராம் நாள்னு கேட்டுப் பாருங்க. நாலு தடவையும் சரியா வந்தா அடிச்சுடுங்க. இல்லன்னா நோட்டு ஊதிக்கிட்டே போகும், யாரும் திறக்க மாட்டாங்க.

பாடநூல்பக்கம்

இப்படிச் செய்தால் அது ஒன் லைனர் பயிற்சியே அல்ல, கேள்வி வழியாகப் புத்தகம் படிப்பது. அதற்கு நான் எதிரி அல்ல. இருந்தாலும் ஆட்சியியலுக்கும் கடைசி அலகுக்கும் ஒரு முறையாவது முழுப் பாடத்தைப் படித்துவிட்டுத்தான் கேள்விக்கு வர வேண்டும் என்பதில் மாற்றமில்லை. கூற்று-காரணம் வகையில் இரண்டு வாக்கியமும் தனித்தனியே உண்மையாக இருக்கும். ஒன்று மற்றொன்றுக்கு விளக்கமா என்பதில்தான் மார்க். விடைகளைப் பிரித்தெழுதினால் அந்தத் தொடர்பு கிடைக்காது.

நூறுதாள்

முழுப் பாடம், சரி. ஆனா அதுக்கு முன்னாடி அந்தப் பாடத்துல பழைய தாள் கேள்வி ஒரு பதினஞ்சைப் பார்த்துட்டுப் போகணும். இதுல நானும் மாற மாட்டேன்.

பெருக்கல்குறி

பழைய தாளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தேர்வு முடிந்த சில நாளில் வருவது தற்காலிக விடைக்குறிப்பு. ஆட்சேபங்களுக்குப் பிறகு சில விடைகள் மாறும். இணையத்தில் சுற்றுவது பெரும்பாலும் முதலில் வந்ததுதான். இறுதி விடைக்குறிப்பைப் பார்த்துத் திருத்துங்கள். தமிழில் கேள்வி குழப்பமாக இருந்தால் பக்கத்தில் இருக்கும் ஆங்கில வடிவத்தையும் படித்துவிடுங்கள். பொது அறிவுப் பகுதியில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்று வினாத்தொகுப்பின் முகப்பில் அறிவுரையாகவே இருக்கும்.

தேரடி

அப்படியானால் ரயில்வேக்குக் கேள்வி முதலில், குரூப் 4-இல் கடைசி மூன்று அலகுக்குப் பாடம் முதலில் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். தமிழ்நாட்டுக் கடற்கரையின் நீளம் ஒரு இடத்தில் 1,076 கிமீ, இன்னொரு இடத்தில் 906.9 கிமீ. எதை நோட்டில் எழுதுவது?

நூறுதாள்

ரெண்டையும் எழுதுங்க. 1,076 தமிழக அரசு ஆவணங்கள்ல வர்றது. 906.9 மத்திய அரசோட பழைய பட்டியல். இந்தியா முழுசுக்கும் 7,516.6 போட்ட அதே பட்டியல். மறு அளவீட்டுல இந்தியாவுக்கு 11,098.81, தமிழ்நாட்டுக்கு 1,068.69-ன்னு வந்திருக்கு.

பாடநூல்பக்கம்

நீளம் மட்டும் மாறவில்லை, வரிசையும் மாறிவிட்டது. பழைய பட்டியலில் ஆந்திரம் 973.7 கிமீ, நமக்கு முன்னால் இருந்தது. புதியதில் 1,053.07, நமக்குப் பின்னால். குஜராத் எப்போதும் போல் முன்னால். ஆகவே "நிலப்பகுதி மாநிலங்களில் இரண்டாவது நீளமான கடற்கரை எது?" என்ற கேள்விக்குப் பழைய தாளின் விடை இனி அப்படியே நிற்காது. எண்ணுக்குப் பக்கத்தில் ஆண்டையும், யாருடைய பட்டியல் என்பதையும் எழுதுங்கள்.

பெருக்கல்குறி

தேர்வறையில் இந்த மூன்று எண்ணும் ஒரே கேள்வியில் சேர்ந்து வருவது அபூர்வம். விடைகளில் மூன்றில் எது இருக்கிறதோ அதைக் குறியுங்கள். இரண்டு இருந்தால் கேள்வியில் "மறு அளவீட்டின்படி" போன்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் மாநிலத் தேர்வில் 1,076, மத்தியத் தேர்வில் புதிய எண். விடைக்குறிப்பு வேறு மாதிரி வந்தால் ஆட்சேபத்துக்கு ஆவணம் வேண்டும், அதனால் அந்தப் பட்டியலின் பக்கத்தை இப்போதே சேமித்து வையுங்கள்.