பாடக் காணொளி பழைய கொம்பியூட்டர்களில மட்டும் வருதில்லை, வழி சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே. புதுக்குடியிருப்புப் பக்கம் எங்கட சனசமூக நிலையத்தில ஓ/எல் (சாதாரண தரச் சோதினை) எழுதுற பிள்ளையள் பாடம் பாக்கிற இணையப் பக்கம் பழைய கொம்பியூட்டர்களில முழுசாத் திறக்குதில்லை. எழுத்து வருது; படமும் காணொளியும் வெறும் வெள்ளைப் பெட்டி. அதே வைஃபையில என்ர விண்டோஸ் 10 லாப்டொப்பில எல்லாம் ஓடுது, அதால லைன் பிழை எண்டு சொல்லேலாது. திகதி, நேரம் சரி. கேஷ் (உலாவி சேமிச்சு வச்சிருக்கிற பழைய கோப்புகள்) அழிச்சும் பாத்தாச்சு.

பழையதெல்லாம் விண்டோஸ் 7. அதில குரோம் உலாவி 109ஆம் பதிப்புக்கு மேல ஏறாது, விண்டோஸ் 7க்குப் புதுப் பதிப்புக் குடுக்கிறத 2023இலயே நிப்பாட்டிட்டாங்கள். எனக்குச் சந்தேகம் அதில தான். ரியூசனுக்குக் காசில்லாத வீட்டுப் பிள்ளையள் தான் இங்க வாறது, சோதினையும் கிட்டவா வந்திட்டுது.

பயர்பொக்ஸ் 115 ஈஎஸ்ஆர் (நீண்ட காலம் பாதுகாப்புத் திருத்தம் குடுக்கிற உலாவிப் பதிப்பு) போட்டால் காணுமோ? இல்லாட்டி விண்டோஸுக்குப் பதிலா 2 ஜிபி ராமில லினக்ஸ் மின்ட் எண்ட இலவச இயங்குதளம் இழுக்குமோ? செய்து பாத்த ஆக்கள் தயவுசெய்து சொல்லுங்கோ.