ஆல்ட்-கன்ட்ரி: எதில் தொடங்கலாம், எங்கே சறுக்கும்

ஆல்ட்-கன்ட்ரி என்பது அமெரிக்க கன்ட்ரி இசையை ராக், பங்க் வேகத்தோடு கலந்த வகை. அதைப் புதிதாகக் கேட்பவர் கையில் ‘நோ டிப்ரெஷன்’ (1990) ஆல்பத்தை முதலில் கொடுக்காதீர்கள். அங்கிள் டுபெலோ குழுவின் முதல் ஆல்பம், இந்த வகைக்கே பட்டப்பெயர் ஆனது, எல்லாம் சரிதான். ஆனால் பங்க் கிட்டார் இரைச்சல் அதிகம். கன்ட்ரி தேடி வந்தவர் “இது ராக் தானே” என்று இரண்டாவது பாட்டிலேயே எழுந்துவிடுவார். அதே குழுவின் ‘அனோடைன்’ (1993) கொடுங்கள். டெக்ஸாஸ் ஆஸ்டினில், எல்லாரும் ஒன்றாக வாசித்து, பிறகு மேலே எதையும் ஒட்டாமல் பதிந்தது. ஃபிடில் (கன்ட்ரி வயலின்), பெடல் ஸ்டீல் (கிடத்தி, பெடல் மிதித்து வாசிக்கும் கிட்டார்) எல்லாம் தனித்தனியே காதில் விழும்.

1994ல் குழு உடைந்தது. அதில் பாடிய இருவரும் அடுத்த வருடமே தனித்தனிக் குழுவோடு ஆல்பம் போட்டார்கள்: ஜே ஃபராரின் சன் வோல்ட் ‘ட்ரேஸ்’, ஜெஃப் ட்வீடியின் வில்கோ ‘ஏ.எம்.’. இரண்டின் தயாரிப்பிலும் ‘அனோடைன்’ செய்த அதே பிரையன் பால்சன். அதனால் அடுத்தடுத்துக் கேட்டால் இரண்டு பேரின் குணம் மட்டும் பளிச்சென்று பிரியும். ‘ட்ரேஸ்’ பிடித்தவருக்கு லுசிண்டா வில்லியம்ஸின் ‘கார் வீல்ஸ் ஆன் எ கிராவல் ரோடு’ (1998). ‘ஏ.எம்.’ பிடித்தவருக்கு ஜேஹாக்ஸின் ‘டுமாரோ தி கிரீன் கிராஸ்’ (1995).

*

மேலே சொன்ன பட்டியலோடு ஒரு கூடுதல். செயலி காட்டும் ‘இதுவும் பிடிக்கலாம்’ பட்டியலை நம்பிப் போனால் நாலாவது பாட்டில் நாஷ்வில் பாப் (வானொலிக்கென்று மெருகேற்றிய கன்ட்ரி) வந்து நிற்கும். வாசித்தவர் பெயரைப் பிடியுங்கள். ‘அனோடைன்’, ‘ஏ.எம்.’ இரண்டிலும் பெடல் ஸ்டீல் லாயிட் மெய்ன்ஸ். அவரைப் பின்னோக்கித் தொடர்ந்தால் டெக்ஸாஸின் லப்பக் ஊர் ஜோ ஈலியின் ‘ஹாங்கி டாங்க் மாஸ்கரேட்’ (1978), டெர்ரி ஆலனின் ‘லப்பக்’ (1979). முன்னோக்கிப் போனால் மகள் நாட்டலி பாடும் டிக்ஸி சிக்ஸ் குழுவின் ‘ஹோம்’ (2002). ஒரு பெயர், கால் நூற்றாண்டு இசை.

*

ஸ்டீல் ‘அழுகிறது’ என்பார்கள். எப்படி என்று தெரிந்தால் கேட்பதே மாறிவிடும். வழக்கமான இ9 சுருதியில் பத்துத் தந்தி. வலக்கை மீட்டும், இடக்கை இரும்புத் தண்டைத் தந்தி மேல் நகர்த்தும். முதல் பெடலை மிதித்தால் பி தந்திகள் மட்டும் சி ஷார்ப்புக்கு ஏறும். இரண்டாவதில் ஜி ஷார்ப் தந்திகள் ஏ-வுக்கு. மற்றவை அசையாது. ஒரு ஸ்வரம் நிற்க, இன்னொன்று அதன் பக்கத்தில் வழுக்கி ஏறும் அந்த இடம்தான் அழுகை. வீணையில் தந்தியை இழுத்து வரும் கமகம் பழகிய காதுக்கு இது சட்டென்று பிடிபடும்.

இயர்போனில் பாஸ் பூஸ்ட் போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள். ஸ்டீலும் குரலும் நடுஸ்தாயியில்தான் இருக்கின்றன; பாஸ் ஏறினால் இரண்டும் அமுங்கிப்போகும்.

*

இந்த வகையின் வேர் தேடி, பேர்ட்ஸ் என்ற ராக் குழுவின் ‘ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ’ (1968) பக்கம் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். அந்தக் குழுவில் அப்போது இருந்த கிராம் பார்சன்ஸ் பாடியதாக எல்லாரும் பரிந்துரைப்பார்கள். பழைய ஒப்பந்தச் சிக்கலால் அவர் முதன்மைக் குரல் கொடுத்த சில பாட்டுகளை குழுத் தலைவர் ரோஜர் மெக்வின் மறுபடி பாடினார். 1968 பதிப்பை மட்டும் கேட்டுவிட்டு “கிராம் எங்கே?” என்று விழிப்பது அதனால்தான். 2003ல் வந்த இரண்டு வட்டுப் பதிப்பில் அவர் குரல் இருக்கிறது. ‘தி கிறிஸ்டியன் லைஃப்’ பாட்டை இரண்டு குரலிலும் போட்டுப் பாருங்கள்: மெக்வின் தெற்கத்திப் பேச்சை நடித்துக்காட்டுகிறார், ஜார்ஜியாவில் வளர்ந்த கிராமுக்கு அது வீட்டுப் பேச்சு.