4294967297: சோதனையில் தேறியும் பகா எண் ஆகாதது ஏன்?

கேள்வி:
வணக்கம். ஓர் எண் பகா எண்ணா என்று சோதிக்கும் சிறு நிரலை எழுதி வருகிறேன். ஒற்றைப்படைப் பகா எண் எதுவானாலும், அதைவிட ஒன்று குறைந்த எண்ணை அடுக்காக வைத்து 2-ஐ உயர்த்தி அந்தப் பகா எண்ணாலேயே வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என்ற ஃபெர்மாவின் சிறு தேற்றம்தான் அதற்கு அடிப்படை. 4294967297-ஐக் கொடுத்தபோதும் மீதி 1 வந்தது. ஆனால் அந்த எண்ணை 641-ஆல் வகுத்தால் மீதியின்றி 6700417 கிடைக்கிறது. பெருக்கலைக் காகிதத்திலும் போட்டுச் சரிபார்த்துவிட்டேன். பிழை நிரலிலா, என் புரிதலிலா?

மறுமொழி 1:
நிரல் சரியாகவே இருக்கிறது. பகா எண் என்றால் மீதி 1 வரும் என்றுதான் தேற்றம் சொல்கிறதே தவிர, மீதி 1 வந்தால் பகா எண் என்று சொல்லவில்லை. இந்த எண் 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1-ஐக் கூட்டிப் பெற்றது என்பதால், அந்த 32-ஆம் அடுக்கை இதனால் வகுக்கையில் மீதியை −1 என்று கொள்ளலாம். வர்க்கப்படுத்தினால் 64-ஆம் அடுக்குக்கு மீதி 1. நீங்கள் உயர்த்தும் அடுக்கான 4294967296 என்பது 64-இன் மடங்கு. ஆகவே அடிமானம் 2 ஆக இருக்கும்வரை இந்த எண் எப்போதும் தேறிவிடும். 3-ஐ அடிமானமாக வைத்து ஓட்டிப் பாருங்கள்.

மறுமொழி 2:
2-இன் 1, 2, 4, 8, 16-ஆம் அடுக்குகளோடு 1-ஐக் கூட்டிப் பெற்ற 3, 5, 17, 257, 65537 ஆகியவை பகா எண்களாக அமைந்ததால், அந்த வரிசையில் அடுத்து வரும் இதுவும் பகா எண்ணே என்று ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் 641-ஐக் கண்டு அதைத் தகர்த்தார். இதன் பகாக் காரணி எதுவாயினும் அது 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று தொடங்குவதால், ஐந்தாம் வகுத்தலிலேயே விடை அகப்படுகிறது.

வகுக்காமலும் காட்டலாம் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 641 = 5 × 128 + 1 என்பதால், 5 × 128-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1; அதன் நான்காம் அடுக்குக்கு, அதாவது 625-ஐ 2-இன் 28-ஆம் அடுக்கால் பெருக்கியதற்கு, மீதி 1. மறுபுறம் 641 = 625 + 16 என்பதால், 625-க்குப் பதிலாக −16-ஐ வைக்கலாம். வைத்தவுடன் 2-இன் 32-ஆம் அடுக்குக்கு மீதி −1 என்று வந்துவிடுகிறது. அதோடு 1-ஐக் கூட்டினால் மீதி பூச்சியம்.

மறுமொழி 3:
இன்னொரு சான்றும் உண்டு. பகா எண் ஒன்றை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக ஒரு வழிக்கு மேல் எழுத முடியாது. இந்த எண்ணோ 65536, 1 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டினாலும் வருகிறது. 62264, 20449 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டினாலும் வருகிறது. காரணி எதுவென்று தெரியாமலேயே, இது பகு எண் என்று முடிவுகட்ட இது போதும்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. அடிமானத்தை 3 என மாற்றியதும் மீதி 1 வரவில்லை. 62264-இன் வர்க்கம் 3876805696, 20449-இன் வர்க்கம் 418161601 என்று கையாலேயே போட்டுக் கூட்டினேன். கடைசி இலக்கம்வரை பொருந்துகிறது. இனி ஒவ்வோர் எண்ணையும் பல அடிமானங்களில் சோதிக்குமாறு நிரலைத் திருத்துகிறேன்.