காற்றாலை, சோலார் குத்தகை: கையெழுத்துப் போடும் முன்

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம்.

காற்றாலைக்கும் சோலாருக்கும் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டுக் கம்பெனிக்காரர்கள் அழைக்கிறார்கள் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். இந்தத் திட்டங்கள் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் நம்மைப் போல ஊரை விட்டு வெளியில் இருக்கும் நிலக்காரர்களுக்கு வாடகை வங்கிக் கணக்கில் வந்து விழுந்துவிடும். இருபத்தைந்து, முப்பது வருடம் அதோடு வாழப்போகிறவர்கள் அக்கம்பக்கத்துக்காரர்கள். அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்காமல் நாம் கையெழுத்துப் போடக் கூடாது.

கர்நாடகத்தின் பாவகடா சோலார் பூங்காவைப் பாருங்கள். ஏறத்தாழ 13,000 ஏக்கர், 2,050 மெகாவாட். நிலத்தை விலைக்கு வாங்கவில்லை, குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், இரண்டாண்டுக்கு ஒருமுறை 5 சதவீதம் கூடும். மழை பொய்த்துக்கொண்டே இருந்த பூமி அது. நிலம் வைத்திருந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல், நிலமும் கையை விட்டுப் போகவில்லை. ஆனால் அதே நிலத்தில் களையெடுத்தவர்களுக்கும் ஆடு மேய்த்தவர்களுக்கும் குத்தகைப் பணத்தில் ஒரு பைசா கிடையாது. வேலி வந்ததும் கூலி வேலையும் மேய்ச்சலும் போயின. கட்டும்போது ஆள் நிறையத் தேவைப்படும். கட்டி முடித்தபின் பேனல் கழுவ, புல் வெட்ட, காவல் காக்கக் கொஞ்சம் பேர் போதும்.

காற்றாலை வேறு மாதிரி. அடித்தளமும் பாதையும் போக மீதி நிலத்தில் தாராளமாக உழலாம். ஆனால் வாடகை ஒருவருக்கு. இரைச்சலும், வெயில் சாயும் நேரத்தில் ஜன்னலில் விட்டு விட்டு ஓடும் இறக்கை நிழலும் அடுத்த வீட்டுக்கு. மனக்கசப்பு தொடங்கும் இடம் இதுதான்.

டென்மார்க்கில் 2009 முதல், திட்டத்தின் பங்குகளில் குறைந்தது 20 சதவீதத்தை உள்ளூர்க்காரர்கள் வாங்க வழிவிட வேண்டும் என்று சட்டம் இருந்தது, 4.5 கிலோமீட்டருக்குள் இருப்போருக்கு முன்னுரிமை. 2020-இல் அதை மாற்றி, காற்றாலை உயரத்தைப்போல் எட்டு மடங்கு தூரத்துக்குள் இருக்கும் வீடுகளுக்கு ஆண்டுதோறும் போனஸ் என்று ஆக்கினார்கள். எனக்கு இரண்டாவது ஏற்பாடுதான் பிடித்திருக்கிறது. பங்கு வாங்கக் கையில் காசு வேண்டும். போனஸுக்கு அங்கே குடியிருந்தாலே போதும். ஸ்காட்லாந்தில் ஒரு மெகாவாட்டுக்கு ஆண்டுக்கு 5,000 பவுண்டு ஊர்ப் பொது நிதிக்குத் தரச் சொல்லி அரசின் வழிகாட்டுதல் இருக்கிறது. கட்டாயமில்லை, ஆனாலும் பேரம் பேச ஒரு கணக்கு கையில் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஹெப்பர்னில் ஊர்க்காரர்கள் முன்னின்று, ஏறத்தாழ 2,000 பேர் கூட்டுறவாகச் சேர்ந்து, 2011-இல் இரண்டு காற்றாலைகளை நிறுவினார்கள். மொத்தமே 4.1 மெகாவாட்தான். கேல், கஸ்டோ என்று அவற்றுக்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள். தங்கள் சொத்து என்ற உரிமை அந்தப் பெயரிலேயே தெரிகிறது.

சரி, ஒப்பந்தத்துக்கு வருவோம். வேலை தொடங்கும் முன்பே பல வருடத்துக்கு நிலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு ஷரத்து இருக்கும். அந்தக் காலத்துக்கு என்ன தருகிறார்கள், எப்போது விடுவிப்பார்கள் என்று பாருங்கள். மின்கோபுரமும் கம்பியும் யார் நிலத்தின் மேல் போகின்றன என்று வரைபடம் கேளுங்கள்; காற்றாலையே இல்லாதவர் தலைமேல்தான் பெரும்பாலும் போகும். அப்புறம் மிக முக்கியமானது, காலம் முடிந்தபின் அகற்றும் செலவு. இந்தத் திட்டங்கள் அடிக்கடி கைமாறும். இன்று கையெழுத்து வாங்கும் கம்பெனி அன்றைக்கு இருக்குமா என்பதற்கு உறுதி இல்லை. பூமிக்குள் கிடக்கும் அத்தனை கான்கிரீட்டையும் எடுக்க யாரிடம் போய் நிற்பது? அதற்கான பணத்தை வங்கி உத்தரவாதமாக முன்கூட்டியே கேட்க வேண்டும். யார் கைக்கு மாறினாலும் அது செல்லும் என்றும் எழுதி வாங்க வேண்டும்.

நில விஷயத்தில் தங்கள் சார்பில் கையெழுத்துப் போட வேறொருவருக்கு அதிகாரப் பத்திரம் (பவர்) எழுதிக் கொடுத்திருப்பவர்கள், நீண்ட காலக் குத்தகைக்கு அது செல்லுமா என்று இப்போதே எடுத்துப் படித்துவிடுங்கள். ஒப்பந்த நகல் வந்திருப்பவர்கள் தயவுசெய்து இந்தக் குழுவுக்கு அனுப்புங்கள். தனித்தனியாகப் பேசினால் ஆளுக்கொரு வாடகை சொல்வார்கள். நாம் சேர்ந்து பேசும்போது, நிலமில்லாதவர்களுக்கும் அடுத்த வீட்டுக்காரர்களுக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை என்பதை முதல் ஷரத்தாக வைப்போம். வாடகைத் தொகையைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.