ஸ்மாஷ் அடித்தால் தோள் குத்துகிறது, ஷட்டில் ஆடலாமா?

கேட்பவர்: வயது 41. டோர்னமெண்ட் வருகிறதென்று போன மாதம் முழுக்க ஸ்மாஷ் பழகினேன். இப்போது கையைப் பக்கவாட்டில் தூக்கினால் தோள் உயரத்தில் சுருக்கென்கிறது. அதைத் தாண்டிவிட்டால் வலி இல்லை. ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. முழு ஓய்வு எடுக்கணுமா?

பிசியோ ஒருவர்: கையைத் தூக்கும்போது 60 முதல் 120 டிகிரிக்குள் வலி என்றால் முதல் சந்தேகம், கையைத் தூக்க உதவும் சுப்ராஸ்பைனேட்டஸ் என்ற தோள் தசையின் நாண்மேல்தான். நேரில் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். கையை அசைக்காமலே வைக்காதீர்கள், தோள் இறுகிவிடும். ஸ்மாஷும், தலைக்கு மேலிருந்து எதிராளியின் பின்கோடுவரை அடிக்கும் கிளியரும் வேண்டாம். வலிக்காதவரை நெட் ஆட்டம் ஆடலாம். முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே சுருட்டிய துண்டை வைத்து, உடற்பயிற்சி ரப்பர் பேண்டை வெளிப்பக்கமாக மெதுவாக இழுங்கள். திரும்பும்போது இன்னும் மெதுவாக. மூன்று மாதம்கூட ஆகலாம்.

பழைய ஆட்டக்காரர்: மட்டை நரம்பை எத்தனை பவுண்டு இறுக்கத்தில் கட்டியிருக்கிறீர்கள்?

கேட்பவர்: 28. சாம்பியன்கள் அப்படித்தான் கட்டுவார்கள் என்றார் கடைக்காரர்.

பழைய ஆட்டக்காரர்: சரிதான்! அவர்கள் தோளும் நம் தோளும் ஒன்றா? 23க்கு இறக்குங்கள்.

கேட்பவர்: ஊசி போட்டால் சீக்கிரம் ஆடலாமாமே?

பிசியோ ஒருவர்: ஸ்டீராய்டு ஊசி கொஞ்ச நாளைக்கு வலியைத்தான் அடக்கும். அந்தத் தெம்பில் ஸ்மாஷ் அடிக்கப் போகாதீர்கள். கையைத் தூக்கவே பலமில்லை என்றால் உடனே எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.