சந்தேகம்: கூடாரத்தின் உள்பக்கம் பிசுபிசுன்னு ஒட்டுது, வாடை வேற. காப்பாத்த முடியுமா?

புதுவைப்பையன்:
வணக்கம். இந்தியப் பெருங்கடல்ல இருக்கிற ரீயூனியன் தீவில் செந்த்-ஆந்த்ரே ஊர்ப் பக்கம் இருக்கேன். ஏழு வருஷத்துக்கு முன்னாடி வாங்கின நைலான் கூடாரம். மே மாசம் மழை ஓய்ஞ்சதும் சிலாவோஸ் ஊர் வழியா பித்தோன் தெ நேஜ் சிகரம் ஏறலாம்னு நேத்து பிரிச்சுப் பார்த்தா, மேல்விரிப்பின் உள்பக்கம் பலாப்பிசின் மாதிரி ஒட்டுது. குழந்தை கக்கின பால் புளிச்ச வாடை. மடிப்பைப் பிரிச்சா மெல்லிசாத் தோல் உரியுது. பூஞ்சைன்னு நினைச்சு சோப்புத்தூள் போட்டுத் தேய்ச்சேன், இன்னும் மோசமாயிடுச்சு. நைலான் மக்காதுன்னுதானே சொல்வாங்க?

இன்னொண்ணு. பையில் 3,000 மி.மீ. னு போட்டிருக்கு. நம்ம தீவில் 1966 ஜனவரியில ஃபோக்-ஃபோக்ல ஒரே நாள்ல 1,825 மி.மீ. கொட்டியிருக்கு. அப்ப இது ரெண்டு நாள் மழைக்கே தாங்காதா?

மலையேறி:
தம்பி, மொட்டைமாடியில நாலு நாள் நல்ல வெயில்ல போடு. எல்லாம் காய்ஞ்சு சரியாயிடும்.

தையலக்கா:
ஐயோ, வெயில்ல போடாதீங்க! புற ஊதாக் கதிர்ல நைலான் நூலே பலம் போயிடும். பாலியெஸ்டர் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், நைலான் பிடிக்காது. நிழல்ல, காத்தாட.

தம்பி, உங்க நைலான் மக்கல. மேல தடவின பூச்சுதான் செத்துப்போச்சு. நைலான் வெறும் நெசவுதானே, இடுக்கு வழியா தண்ணி வரும். அதை அடைக்க உள்பக்கம் பாலியூரித்தேன் பூசுவாங்க. விலை குறைஞ்ச பூச்சில் எஸ்டர்னு ஒரு வேதிப் பிணைப்பு இருக்கும். ஈரமும் சூடும் சேர்ந்தா தண்ணி அந்தப் பிணைப்பை அறுத்துடும், நீராற்பகுப்புன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே, அதேதான். வாடையும் அதுல வர்றதுதான். மழையில நனைஞ்சதை அப்படியே சுருட்டி வைக்கிறதுதான் இதுக்குத் தீனி. எங்க வெச்சிருந்தீங்க?

புதுவைப்பையன்:
காரேஜ்ல, தகரக் கூரைக்குக் கீழ. போன சிக்லோன் (புயல்) சமயத்துல ஈரத்தோட சுருட்டினது. 🙈 சரிக்கா, ஒத்துக்கறேன்.

தையலக்கா:
கிழக்குக் கரை ஈரம், தகரச் சூடு. வேற என்ன வேணும் அதுக்கு! ஒண்ணு பாருங்க. தையல் மேல உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கா? இருந்தா உள்பக்கம் பாலியூரித்தேன்தான். சிலிக்கான் பூசின துணியில டேப் ஒட்டாது.

புதுவைப்பையன்:
டேப் இருக்கு. தொட்டாலே கையோட வருது.

தையலக்கா:
அப்ப பூச்சை முழுக்கச் சுரண்டி எடுக்கணும். வெதுவெதுப்பான தண்ணியில ஆப்ப சோடாவும் கொஞ்சம் சோப்பும் கரைச்சு ஊறவெச்சு, மெல்லிசான பிரஷால தேயுங்க. விடாத இடத்துல ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில நனைச்சுத் துடைங்க. அசிட்டோன் வேண்டாம், கூடாரத்துல கண்ணாடி மாதிரி ஜன்னல் இருந்தா அதைக் குதறிடும். ஒரு நாள் முழுக்கப் போகும், முதுகும் போகும், சொல்லிட்டேன்.

அப்புறம் இடுக்கு அடைக்கிற சுத்த சிலிக்கான் சீலண்டை (அக்ரிலிக் கலந்தது இல்ல) பெயின்ட் கரைக்கிற வைட் ஸ்பிரிட்ல நீர்மோர் பதத்துக்குக் கரைச்சு, மெல்லிசாப் பூசுங்க. வெளியில வெச்சுப் பூசுங்க, பக்கத்துல அடுப்பு, சிகரெட் கூடாது. தையலுக்கு மட்டும் கெட்டியாத் தடவுங்க. பழைய பூச்சு மிச்சம் இருக்கிற இடத்துல சிலிக்கான் பிடிக்காது, உரிஞ்சு வரும்.

சலாசிக்காரன்:
அந்த 3,000 மி.மீ. மழையளவு இல்ல தம்பி. துணி மேல குழாய் நிறுத்தி தண்ணி ஊத்தினா, மூணு மீட்டர் உயரம் நிக்கிற வரைக்கும் கசியாதுன்னு அர்த்தம். அழுத்தக் கணக்கு. மழைத்துளி அவ்வளவு அழுத்தாது. ஈரத் தரையில முட்டி போட்டு உக்காந்தா அழுத்தும், அதனாலதான் தரைவிரிப்பு சீக்கிரம் கசியும். நம்ம கூடாரங்களைக் கவுக்கிறது காத்து, மழை இல்ல.

மலையேறி:
வெயில் யோசனையை வாபஸ் வாங்கிக்கறேன். எனக்கும் ஒரு சந்தேகம்: என் நைலான் கூடாரம் ராத்திரி தொளதொளன்னு ஆயிடுது. இதுவும் பூச்சா?

தையலக்கா:
இல்லண்ணா, அது நைலானோட குணம். ஈரம் குடிச்சா நீளும். சாயங்காலம் கட்டின கயித்தைப் படுக்கப் போகும்போது ஒரு தடவை இழுத்துக் கட்டுங்க.

புதுவைப்பையன்:
ரெண்டு நாள் ஆச்சு. மேல்விரிப்பு முழுக்கச் சுரண்டிட்டேன், வாடை போயிடுச்சு. தரைவிரிப்பைத் தொடவே இல்ல, கீழ தனியா ஒரு தார்ப்பாய் போட்டுக்கறேன். சிலிக்கான் நாளைக்கு. இந்தத் தடவை சுருட்டாம, அலமாரியில தளர்வாத் தொங்கவிடப் போறேன்.