ஹுவேயில் மூன்று நாள்: ஆறிய சோறும் நீல நோட்டும்

வியட்நாம் பயணம் என்றதும் எல்லாரும் ஹோய் ஆன் என்ற பழைய ஊரின் விளக்குகளைப் பற்றியே எழுதுகிறார்கள். நான் அந்நாட்டின் பழைய தலைநகரமான ஹுவே பற்றிச் சொல்கிறேன். ஒரு மார்ச் மாதம் நானும் மனைவியும் அங்கே மூன்று நாள் தங்கினோம். அவள் சுத்த சைவம். நான் இலையில் விழுவது எதையும் விடாதவன்.

டா நாங் நகரிலிருந்து ரயிலில் போனோம். நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் ஹாய் வான் மலையைச் சுற்றி வண்டி ஊர்வதால் மூன்று மணி நேரம் பிடிக்கும். ஹுவே போகும்போது வலப்பக்க ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள், கடல் அந்தப் பக்கம். எங்களுக்குக் கிடைத்தது இடப்பக்கம். நான் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்ட ஒரு பெரியவர் எழுந்து தம் இடத்தைக் காட்டினார். எங்கள் இடத்தில் உட்கார்ந்து, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கியும்விட்டார்.

முதல் நாள் கோட்டை. 1802 முதல் 1945 வரை ஙுயென் அரசர்கள் ஆண்ட தலைநகரம் இது. மதிலே சுற்றளவில் பத்து கிலோமீட்டர் வரும். உள்ளே அரண்மனைகள் வரிசையாக நிற்கும் என்று நினைத்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். 1947-இல் ஒரு தீ, 1968-இல் வியட்நாம் போரின்போது டெட் என்ற புத்தாண்டுப் பண்டிகை நாளில் மூண்ட சண்டை. பல இடங்களில் அஸ்திவாரக் கல்லும் புல்லும்தான் மிச்சம். எனக்கு என்னவோ அந்த வெற்றிடம்தான் பிடித்திருந்தது. புதுப்பித்த கட்டடங்களின் பொன்னும் சிவப்பும் கொஞ்சம் கண்ணைக் கூசவைத்தன. வாடகைக்கு எடுத்த அரச உடையில் ஒரு இளம் ஜோடி வந்து, படம் எடுத்துத் தரச் சொன்னது. ஙோ மோன் வாசலுக்கு முன்னால் ராணி போல நின்ற அந்தப் பெண்ணின் காலில் ரப்பர் செருப்பு. கடைசி அரசர் பாவோ டாய் 1945 ஆகஸ்ட் 30 அன்று முடி துறந்தது அதே வாசலில்தான்.

அரசர்களின் கல்லறைகளில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் டூ டுக் அரசருடையதைப் பாருங்கள். குளம், மரம், தண்ணீரை ஒட்டி மண்டபம். அரசர் உயிரோடு இருந்தபோதே அங்கே வந்து தங்குவாராம். இன்னொரு அரசர் கை டின்னுடைய கல்லறைக்கு 127 படி ஏற வேண்டும். சுவரெல்லாம் பீங்கான், கண்ணாடிச் சில்லு. கைவேலை அபாரம், சந்தேகமில்லை. ஆனால் பத்து நிமிஷத்தில் திகட்டிவிட்டது.

தியென் மூ கோயிலில் ஒரு பழைய நீல ஆஸ்டின் கார் நிற்கிறது. 1963-இல் பௌத்தத் துறவி திக் குவாங் டுக் அரசை எதிர்த்துத் தீக்குளிக்க சைகோன் தெருவுக்கு வந்து இறங்கிய கார் அது. சளசளவென்று பேசிக்கொண்டு வந்த சுற்றுலாக் கூட்டம் ஒன்று அதன் முன்னால் தானாக அடங்கிப்போனது.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். காலையில் கோம் ஹென். ஆறிய சோறு, அதன்மேல் நகக்கண் அளவு ஆற்று மட்டி, நறுக்கிய வாழைப்பூ, புளிக்கும் நட்சத்திரப்பழத் துண்டு, வேர்க்கடலை, பொரித்த பன்றித்தோல், மிளகாய். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுவது மாம் ருவொக் என்ற இறால் விழுது. கருவாட்டு வாசம் பழகியவர்களுக்குப் பயமில்லை. மட்டி வெந்த தண்ணீரைத் தனிக் கிண்ணத்தில் தந்தார்கள். நான் ரசம் என்று எண்ணி மொத்தமாகச் சோற்றில் கவிழ்த்தேன். கடைக்கார அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்! அப்புறம் வேறொரு கிண்ணம் கொண்டுவந்து, முதலில் பிசை, பிறகு இரண்டே கரண்டி ஊற்று என்று சைகையில் காட்டினார். அந்த இரண்டாவது கிண்ணத்துக்குக் காசு வாங்கவில்லை.

மனைவியின் பாடுதான் திண்டாட்டம். வெறும் கீரை கேட்டாலும் மீன் சாஸ் விழுந்துவிடுகிறது. 'ஆன் சாய்' என்ற இரண்டு சொல்லைக் கற்றபிறகுதான் வழி பிறந்தது. சைவம் சாப்பிடுகிறேன் என்று பொருள். பௌத்தர்கள் நிறைந்த ஊர் என்பதால் பலர் பௌர்ணமியிலும் பிறை மாதத்தின் முதல் நாளிலும் சைவம் உண்கிறார்கள். நாங்கள் இருந்த ஒரு நாள் பௌர்ணமி. சைவக் கடையில் உட்கார இடமில்லை. காளானும் தோஃபுவும் எலுமிச்சைப்புல்லும் போட்ட பூன் போ என்ற நூடுல்ஸ் சூப்பை அவள் இரண்டு கிண்ணம் காலி செய்தாள். பக்கத்துக் கடையில் நான் மாட்டிறைச்சி போட்ட அசல் பூன் போ சாப்பிட்டேன். காரம் சுள்ளென்று இருந்தது. ஹனோயில் சாப்பிட்டதெல்லாம் பத்தியச் சாப்பாடு என்று தோன்றிவிட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்தது பான் பேயோ. சின்னச் சின்னக் கிண்ணியில் அவித்த அரிசிமாவு, மேலே இறால் பொடி. இட்லியை நம்பிக் கையில் எடுத்தால் வழுக்கி ஓடும். கரண்டியால் வழித்து எடுக்க வேண்டும். சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி விற்றுக்கொண்டிருந்தார். சாப்பிட்டு, நோட்டை நீட்டிவிட்டு நடந்தேன். பின்னாலேயே கூப்பாடு. ஏதோ தகராறு என்று நடையை வேகமாக்கினேன். பாட்டி ஓடிவந்து சட்டையைப் பிடித்துவிட்டார். கையில் நான் கொடுத்த நோட்டு. இருபதாயிரம் டாங் என்று கொடுத்தது ஐந்து லட்சம். இரண்டும் நீலம், இரண்டிலும் ஹோ சி மின் முகம். மூச்சிரைக்க என்னைத் திட்டினார், அல்லது திட்டினார் என்று நினைக்கிறேன். ஹுவே பேச்சு ஹனோய்க்காரர்களுக்கே புரியாது என்று எங்கள் விடுதிப் பையன் சொல்வான்.

மறுநாளும் அங்கேயே போனேன். காசை நீட்டியதும் பாட்டி வாங்கவில்லை. முதலில் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பூஜ்யங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எனக்கு எண்ணிக் காட்டினார்.